திருப்பூரில் ஒரு மாத பிரசன்ட் பெர்ஃபெக்ட் வகுப்பு: ஏற்றுமதி அலுவலகத்தாருக்கு எவ்வளவு பயன்?

திருப்பூர் அவினாசி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பணி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் தம் வீட்டு மாடியில் நடத்தும் மாலை வகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. வகுப்புக்குப் பெயர் இல்லை. வாசலில் பலகையும் இல்லை. பனியன் கம்பெனிகளில் ஆர்டர் தருபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நின்று வேலையைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராகவும், ஷிப்பிங் ஆவணப் பிரிவிலும், தரக் கட்டுப்பாட்டிலும் வேலை செய்பவர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக வந்து சேர்கிறார்கள். முப்பது நாளில் சரளமாகப் பேசலாம் என்று விளம்பரம் செய்யும் நிலையங்கள் நகரில் தெருவுக்குத் தெரு இருக்கையில், இவ்வகுப்பு ஒரு மாதம் முழுவதையும் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம் சேர்ந்துவரும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்னும் ஒரே வினை வடிவத்துக்கு ஒதுக்குகிறது. அந்தத் துணிவைக் கேள்விப்பட்டுத்தான் நானும் சேர்ந்தேன். முழுவதும் இருந்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

ஒரு வினை வடிவத்துக்கு ஒரு மாதமா என்று கேட்பவர்கள், எந்த ஏற்றுமதி அலுவலகத்திலும் ஒரு நாள் போய்வரும் மின்னஞ்சல்களைப் பார்த்தால் போதும். சாம்பிள் அனுப்பியாகிவிட்டது, லேப் டிப்புக்கு (சாய நிறத்தின் மாதிரித் துணிக்கு) இன்னும் ஒப்புதல் வரவில்லை, துணி சாயப்பட்டறையிலிருந்து வந்திருக்கிறது, கட்டிங் முடிந்துவிட்டது, கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் புறப்பட்டுவிட்டது என்று, வெளிநாட்டு பையருக்கு, அதாவது சரக்கை வாங்குபவருக்கு, நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் இந்த நிமிடம் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்னும் செய்தியே. ஆங்கிலத்தில் அந்தச் செய்தியைச் சொல்வதற்கென்றே அமைந்தது பிரசன்ட் பெர்ஃபெக்ட். அதைச் சரியாகக் கையாளத் தெரியாதவர் மற்ற பதினோரு வடிவங்களையும் அட்டவணையாக ஒப்பித்தாலும், பையரிடமிருந்து ‘தயவுசெய்து தெளிவுபடுத்தவும்’ என்ற பதில் வந்துகொண்டுதான் இருக்கும்.

முதல் நாள் ஆசிரியை கரும்பலகையில் சூத்திரம் எதையும் எழுதவில்லை. ‘நேத்தே அனுப்பியாச்சுங்க’ என்று எழுதினார். நம் ஊரில் தொலைபேசியில் ஒரு நாளைக்குப் பல முறை சொல்லப்படும் இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டபோது, வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ‘வி ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே’ என்றே எழுதினார்கள். அது ஏன் பிழை என்பதை விளக்குவதற்கு முன்பாக, தமிழ் வாக்கியம் ஏன் பிழையில்லை என்பதை அவர் விளக்கினார். வந்தான், வந்துவிட்டான், வந்திருக்கிறான், வந்தாயிற்று என்று, நன்னூல் வகுத்த மூன்று காலங்களுக்கு உள்ளேயே நின்று, துணைவினைகளைச் சேர்த்துத் தமிழ் பல நுட்பங்களைச் சொல்லிவிடுகிறது. ‘அனுப்பியாச்சு’ என்பது வேலை முடிந்த நிலையைச் சொல்கிறது. ‘நேத்தே’ என்பது அது முடிந்த நாளைச் சொல்கிறது. தமிழ் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அருகருகே உட்கார வைக்கிறது. ஆங்கிலம் அதற்கு இடம் தருவதில்லை. நேற்று, போன வாரம், இரண்டு நாளுக்கு முன்பு என்று முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் வந்துவிட்டால், அந்த வாக்கியத்தின் வினை சிம்பிள் பாஸ்ட் என்னும் சாதாரண இறந்தகால வடிவத்துக்குப் போய்விட வேண்டும். முடிந்த நிலையைச் சொல்ல விரும்பினால் நாளைக் குறிக்கும் சொல்லை விட்டுவிட வேண்டும்.

அப்போது ஒரு மாணவி, ‘ஏனுங்க டீச்சர், வி சென்ட் இட் எஸ்டர்டே, வி ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட், ரெண்டுமே சரிங்களா?’ என்று கேட்டார். ‘ரெண்டுமே சரிதான் கண்ணு. அவங்க என்ன கேட்டிருக்கறாங்கன்னு முதல்ல பாரு’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நான் மிகவும் மதிக்கிறேன். அனுப்பினீர்களா என்று கேட்பவருக்கு வேண்டியது இன்றைய நிலை. எப்போது அனுப்பினீர்கள் என்று கேட்பவருக்கு வேண்டியது நாள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல நேர்ந்தால் முதல் வாக்கியம் பிரசன்ட் பெர்ஃபெக்டிலும், விவரங்களைத் தரும் அடுத்த வாக்கியங்கள் சிம்பிள் பாஸ்டிலும் வர வேண்டும்: ‘வி ஹேவ் டிஸ்பேட்ச்ட் த சாம்பிள்ஸ். தே லெஃப்ட் திருப்பூர் ஆன் டியூஸ்டே.’ ஆங்கிலச் செய்தித்தாளை எடுத்துப் பார்த்தாலும், புதிய செய்தியை அறிவிக்கும் வாக்கியம் இந்த வடிவத்தில் வருவதும், எங்கே, எப்போது, எப்படி என்று விரிப்பவை சிம்பிள் பாஸ்டில் தொடர்வதும் கண்ணில் படும். இலக்கண விதியை வாக்கியத்தோடு நிறுத்தாமல் பத்தி வரைக்கும் கொண்டுபோகும் இந்த முறையைத் திருப்பூரில் வேறு எந்த வகுப்பிலும் நான் கண்டதில்லை.

முடிந்த காலம், முடியாத காலம் என்னும் வேறுபாட்டுக்கு அவர் சொன்ன உவமை ஊருக்குப் பொருத்தமானது. பின்னலாடை மெஷினிலிருந்து இறக்கி, எடை போட்டு, சீட்டு ஒட்டி அடுக்கிய ரோல் நேற்றையது. மெஷினில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ரோல் இன்றையது, இந்த வாரத்தையது, இந்த ஆண்டையது. சுற்றிக்கொண்டிருக்கும் ரோலில் ஏற்கெனவே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்வதற்கு பிரசன்ட் பெர்ஃபெக்ட் வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால், ‘திஸ் மார்னிங்’ என்பது காலை பத்து மணிக்கு எழுதும் அஞ்சலில் ஒரு விதமாகவும், மாலை ஐந்து மணிக்கு எழுதும் அஞ்சலில் வேறு விதமாகவும் நடந்துகொள்வது ஏன் என்பது தானே விளங்கிவிடுகிறது.

எதிர்மறைக்கு அவர் ஒதுக்கிய வகுப்புகளே, என் மதிப்பில், இந்த ஒரு மாதத்தின் உச்சம். தமிழில் ‘துணி வரவில்லை’ என்ற ஒரே தொடர், நேற்று வரவில்லை என்பதற்கும் இன்னும் வரவில்லை என்பதற்கும் பொதுவாக நிற்கிறது. வேறுபாட்டை ‘நேற்று’, ‘இன்னும்’ என்னும் சொற்கள்தான் சுமக்கின்றன. ஆங்கிலத்தில் வினையே பிரிந்துவிடுகிறது. ‘த ஃபேப்ரிக் டிட் நாட் அரைவ்’ என்று எழுதினால், வர வேண்டிய நேரம் கடந்துபோய்விட்டது, அந்தக் கதை முடிந்துவிட்டது என்ற தொனி வந்துவிடும். ‘த ஃபேப்ரிக் ஹேஸ் நாட் அரைவ்ட் எட்’ என்றால், இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது விளங்கும். முதல் வாக்கியத்தைப் படிக்கும் பையர் ஆர்டர் என்ன ஆகுமோ என்று கவலைப்படுவார். இரண்டாவதைப் படிப்பவர் எப்போது வரும் என்று கேட்பார். கெடு தேதியை நம்பி நடக்கும் தொழிலில் இது சிறிய வேறுபாடு கிடையாது. ‘வரவில்லை’, ‘முடியவில்லை’, ‘கிடைக்கவில்லை’ என்ற தொடர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு சூழல்களில் எழுத வைத்த பயிற்சித் தாள், வகுப்பு முடிந்த பின்னும் மேசையில் வைத்துக்கொள்ளத் தக்கது.

பள்ளியில் ‘ஹேவ்’ என்றால் ‘இருக்கிறேன்’ என்று பலரும் பாடம் பண்ணியிருக்கிறோம். அது பாதி உண்மை என்று அவர் காட்டிய விதமும் நன்றாக இருந்தது. காலையில் எழுந்து நனைந்த வாசலைப் பார்த்து ‘ராத்திரி மழை பெஞ்சிருக்குது’ என்கிறோம். அங்கே ‘இருக்குது’ என்பது, பெய்ததை நான் பார்க்கவில்லை, தடயத்தைக் கொண்டு சொல்கிறேன் என்னும் பொருளைத் தருகிறது. அதனால்தான் ‘ராத்திரி’ என்ற கடந்த காலச் சொல்லோடும் அது இயல்பாகச் சேர்கிறது. அதை அப்படியே ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று கொண்டுபோனால் ஆங்கிலம் ஏற்காது. ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்றே ஊகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதுபோலவே ‘பழனிக்குப் போயிருக்கறாருங்க’ என்ற தொடர், முதலாளி இப்போது ஊரில் இல்லை என்பதையும் சொல்லும், அவர் முன்பு எப்போதோ போய்வந்த அனுபவத்தையும் சொல்லும். ஆங்கிலத்தில் போய் இன்னும் திரும்பாதவருக்கு ‘ஹேஸ் கான்’, போய்த் திரும்பியவருக்கு ‘ஹேஸ் பீன்’. தொழிற்சாலையைத் தணிக்கை செய்ய வருபவரிடம் மேலாளர் ‘ஹேஸ் பீன் டு சென்னை’ என்று சொன்னால், அவர் மேலாளரைச் சந்திக்கக் காத்திருப்பார்.

கால அளவைக் குறிக்கும் வாக்கியங்களில் தமிழர் இடறுவதற்குக் காரணம் வேறு. ‘பத்து வருஷமா இங்க வேலை செய்யறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆகவே ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று வந்துவிடுகிறது. தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’, கடந்த நீளத்துக்கு ‘ஃபார்’ என்ற விதியை எல்லா வகுப்புகளிலும் சொல்வார்கள். இங்கே அதைத் தமிழ் உருபுகளோடு பொருத்திக் காட்டினார்: ‘2014இலிருந்து’ என்று ‘இலிருந்து’ வருமிடத்தில் ‘சின்ஸ்’, ‘பத்து ஆண்டுகளாக’ என்று ‘ஆக’ வருமிடத்தில் ‘ஃபார்’. இதற்கும் மேலே ஒரு படி போய், ‘ஐ ஒர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று எழுதினால் அந்த வேலையை விட்டுவிட்டதாகப் பொருள்படும், ‘ஐ ஹேவ் ஒர்க்ட்’ என்றால் இன்னும் அங்கேயே இருப்பதாகப் பொருள்படும் என்று விளக்கியபோது, வேறு கம்பெனிக்குத் தன்விவரக் குறிப்பு அனுப்பத் தயாராக இருந்த இருவர் உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன்.

வினையின் மூன்றாம் வடிவங்களை மனப்பாடம் செய்யும் பகுதி வழக்கம்போல் சலிப்புத் தரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அங்கேயும் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. அகர வரிசைப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, தொழிலில் புழங்கும் வினைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். மூன்று வடிவங்களிலும் மாறாத ‘கட்’, ‘புட்’, ‘காஸ்ட்’. பின்னிரண்டும் ஒன்றாகும் ‘சென்ட்’, ‘பில்ட்’, ‘ஸ்பென்ட்’. மூன்றும் வேறாகும் ‘ஷ்ரிங்க், ஷ்ராங்க், ஷ்ரங்க்’, ‘டேர், டோர், டோர்ன்’, ‘வியர், வோர், வோர்ன்’. துவைத்த பின் துணி சுருங்கியதைத் தெரிவிக்கும் அஞ்சல் ஒன்றையாவது ஆண்டுதோறும் எழுதாத ஏற்றுமதியாளர் இருப்பாரா? ‘ஹேஸ் ஷ்ரங்க்’ என்று கை தானாக எழுதும் வரைக்கும் பழக்கினார்.

அடுத்த வாரம் எழுதப்போகும் அஞ்சலுக்கே பயன்படக்கூடிய இன்னொன்றும் கிடைத்தது. ‘ஒப்புதல் கிடைத்ததும் உற்பத்தியைத் தொடங்குவோம்’ என்பதை நம்மவர்கள் ‘ஒன்ஸ் வி வில் ரிசீவ்’ என்று தொடங்குகிறார்கள். ‘ஒன்ஸ்’, ‘வென்’, ‘ஆஃப்டர்’ ஆகியவற்றுக்குப் பின் எதிர்காலத்தைச் சொல்வதற்கு ‘வில்’ வராது. ‘ஒன்ஸ் வி ஹேவ் ரிசீவ்ட் யுவர் அப்ரூவல், வி வில் ஸ்டார்ட் பல்க் புரொடக்‌ஷன்’ என்று அமைய வேண்டும். நிகழ்காலம் என்று பெயர் பெற்ற வடிவம் இங்கே எதிர்காலத்தில் முடிந்திருக்கும் ஒரு நிலையைக் காட்டுகிறது. முன்பணம், ஒப்புதல், ஆய்வு அறிக்கை என்று நிபந்தனை வைத்து எழுதும் ஒவ்வொரு அஞ்சலுக்கும் இது தேவை என்பதால், இதற்குக் கொடுத்த நேரம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது சேர நினைப்பவர்களுக்கு நியாயமாகாது. முதலாவதும் பெரியதும், காதுக்குப் பயிற்சி இல்லாமை. பேச்சில் ‘ஐ ஹேவ்’ என்பது ‘ஐவ்’ என்றும், ‘ஹி ஹேஸ்’ என்பது ‘ஹீஸ்’ என்றும் சுருங்கிவிடுகிறது. ‘ஹி இஸ்’ என்பதும் அதே ‘ஹீஸ்’ ஆகிறது. பின்னால் வரும் சொல்லைக் கவனித்துத்தான் எது என்று பிரித்தறிய வேண்டும். இப்போது பையர்கள் வீடியோ அழைப்பிலேயே பாதி முடிவுகளை எடுத்துவிடுகிறார்கள். அங்கே கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் எழுத்தைவிட அவசரத் தேவை. கரும்பலகையும் அச்சிட்ட தாளும் மட்டுமே இருக்கும் இந்த வகுப்பில் ஒலிப்பதிவு எதையும் கேட்க வைக்கவில்லை. ஒரு சிறிய ஸ்பீக்கரும் அன்றாட உரையாடல்கள் சிலவும் இருந்தால் தீர்ந்துவிடக்கூடிய குறை இது.

இரண்டாவது, அமெரிக்க வழக்கை ஒரே நாளில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். ‘டிட் யூ சென்ட் இட் எட்?’, ‘வி ஆல்ரெடி சென்ட் இட்’ என்று அமெரிக்கர்கள் சிம்பிள் பாஸ்டிலேயே எழுதுவது சாதாரணம். பிரிட்டிஷ் வழக்கில் அதே இடத்தில் பிரசன்ட் பெர்ஃபெக்டையே எதிர்பார்ப்பார்கள். பையர் எழுதியதைப் பிழை என்று எண்ண வேண்டாம், நீங்கள் பிரசன்ட் பெர்ஃபெக்டில் எழுதினால் இரு நாட்டவரும் ஏற்பார்கள் என்று அவர் சொன்னது முற்றிலும் சரியான அறிவுரை. ஆனால் திருப்பூரின் சரக்கு ஐரோப்பாவுக்கும் போகிறது, அமெரிக்காவுக்கும் போகிறது. இரு வகை அஞ்சல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் அந்த அறிவுரை மனத்தில் ஊன்றியிருக்கும். பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் என்னும் தொடர் வடிவமும் கடைசி வாரத்தின் அவசரத்தில் சிக்கிக்கொண்டது. ‘வி ஹேவ் செக்ட் த பீசஸ்’ என்றால் சோதனை முடிந்தது என்பதும், ‘வி ஹேவ் பீன் செக்கிங்’ என்றால் வேலை இன்னும் நடக்கலாம் என்பதும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவினருக்கு முக்கியமான வேறுபாடு. அவர்கள் கேட்ட கேள்விகளில் சில அப்படியே நின்றுவிட்டன.

ஒரு மாதக் கட்டணம் 1,500 ரூபாய். தாள்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை. பெற்றதோடு ஒப்பிட்டால் இது குறைவு என்றே சொல்வேன். போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இவ்வகுப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு வேண்டிய வேகமும் விரிவும் இங்கே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும் எழுதிப் பழகாதவர்களும் முதலில் அடிப்படையை வேறெங்காவது முடித்துக்கொண்டு வருவது நல்லது, ஏனெனில் ஒவ்வொருவரும் தம் அலுவலக அஞ்சல்களைப் பெயர்களையும் விலைகளையும் அழித்துவிட்டுக் கொண்டுவந்து, அவற்றையே பாடமாக வைத்துத் திருத்துவதுதான் இங்கே முறை. அப்படித் திருத்தும்போது ஆசிரியை சிவப்பு மையால் கோடு போடுவதோடு நிற்காமல், இந்த வாக்கியத்தைத் தமிழில் எப்படி நினைத்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். மெர்ச்சன்டைசிங்கில் ஒன்றிரண்டு ஆண்டு அனுபவம் உள்ள இளைஞர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு மாதத்தை என்னால் காட்ட முடியாது.

சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அன்று வகுப்பு இல்லை. மற்ற நாட்களில் மாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிறது. அவினாசி, பெருமாநல்லூர்ப் பக்கமிருந்து வரும் பெண்கள் பலர் பேருந்தை எண்ணி எட்டரைக்கே எழுந்துவிட நேர்கிறது. திருத்தம் நடக்கும் அந்தக் கடைசி அரை மணி நேரம்தான் அவர்களுக்குத் தவறிப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பிரிவைத் தொடங்கும்படி நாங்கள் சிலர் சேர்ந்து ஆசிரியையிடம் கேட்டிருக்கிறோம். பத்துப் பேர் சேர்ந்தால் நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார்.